செல் உட்கருவுக்குள் சமிக்ஞை லிப்பிடுகள்: எங்கே இருக்கின்றன, எப்படிக் கண்டுபிடிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் உயிரியல் படிக்கும் மாணவர்களும், ஆய்வகத்தில் முதன்முறையாக லிப்பிடை (கொழுப்பு வகை மூலக்கூறை)த் தொடுகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உட்கருவில் ஒரு லிப்பிட் இருக்கிறது என்று சொல்லிவிடுவது சுலபம். உட்கருவில் சரியாக எந்த இடத்தில் என்று காட்டுவதுதான் கஷ்டம். அதனால் 'எது இருக்கிறது' என்பதைவிட 'எப்படித் தெரியும்' என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உட்கருவைச் சுற்றித்தானே சவ்வு இருக்கிறது? உள்ளே லிப்பிடுக்கு என்ன வேலை?

பள்ளிப் பாடப் படத்தில் உட்கருவைச் சுற்றி இரண்டு கோடுகள் இருக்கும். வெளிச்சவ்வு, உட்சவ்வு. அதற்குள்ளே குரோமாட்டின், நியூக்ளியோலஸ். லிப்பிட் என்றால் அந்த இரண்டு கோடுகள் மட்டும்தான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உட்கருவின் உள்பகுதியிலும் பாஸ்போலிப்பிடுகள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றை உருவாக்கும் என்சைம்களும் உடைக்கும் என்சைம்களும் அங்கேயே இருக்கின்றன. அளவு சிறியதுதான். ஆனால் மரபணு எப்போது படிக்கப்பட வேண்டும், எம்ஆர்என்ஏவின் வால் எப்படி முடிய வேண்டும் என்பது போன்ற முடிவுகளில் இவை கைவைக்கின்றன.

சமிக்ஞை லிப்பிட் என்று எவற்றைச் சொல்கிறோம்?

சவ்வைக் கட்டுவதற்காக மட்டும் இல்லாமல், செய்தி கடத்துவதற்காகச் செல் மாற்றி மாற்றி அமைக்கும் லிப்பிடுகளை. இதில் முதலிடம் பாஸ்போஇனோசிடைடு குடும்பத்துக்கு. இரண்டு கொழுப்பமில வால்கள், மேலே இனோசிடால் என்ற ஆறு கார்பன் வளையம். அந்த வளையத்தின் 3, 4, 5 ஆகிய இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றலாம், இறக்கலாம். அப்படிச் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 7 வகைகள் கிடைக்கும். 4, 5 இரண்டிலும் பாஸ்பேட் இருந்தால் அதைத்தான் வழக்கமாகப் பிஐபி2 என்கிறோம். இந்தப் பக்கத்திலும் அப்படியே.

பிஐபி2வைப் பாஸ்போலிப்பேஸ் சி என்ற என்சைம் வெட்டினால் டைஅசைல்கிளிசரால் என்ற வால்பகுதி சவ்வில் தங்கும், ஐபி3 என்ற தலைப்பகுதி பிரிந்து செல்லின் நீரில் கலந்துவிடும். பாஸ்பாட்டிடிக் அமிலம், ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட், அரக்கிடோனிக் அமிலம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

உட்கருவில் இவை இருப்பது முதலில் எப்படித் தெரிந்தது?

1953இல் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் இருவரும் கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலின் சேர்த்தபோது, பாஸ்போலிப்பிடுகளுக்குள் கதிரியக்கப் பாஸ்பரஸ் வேகமாக நுழைவதைக் கண்டார்கள். லிப்பிட் செய்தி கடத்தும் என்ற கதையே அங்கேதான் தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ முப்பது வருடம் எல்லோருடைய கவனமும் பிளாஸ்மா சவ்வின் மேல்தான்.

உட்கருவுக்கான திருப்பம் 1987இல் வந்தது. இத்தாலியின் பொலோன்யாவைச் சேர்ந்த லூச்சோ கோக்கோவும் கேம்பிரிட்ஜின் ராபின் இர்வினும் அவர்களுடைய குழுவினரும் எலியின் ஃப்ரெண்ட் செல்களிலிருந்து உட்கருக்களைப் பிரித்தெடுத்தார்கள். சிவப்பணு ஆகும் வழியில் நின்றுவிட்ட ரத்தப் புற்றுச் செல்கள் இவை. பிரித்த உட்கருவை டிடர்ஜென்ட் கொண்டு கழுவி, சுற்றியிருந்த உறையை நீக்கினார்கள். பிறகு கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏறிய ஏடிபியைக் கொடுத்தார்கள். சவ்வு போய்விட்டதால் பாஸ்போஇனோசிடைடு எதுவும் உருவாகாது என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். உருவானது. அதிலும், டிஎம்எஸ்ஓ என்ற வேதிப்பொருளைக் கொடுத்துச் சிவப்பணுப் பாதையில் முதிர வைத்த செல்களின் உட்கருவில் பிஐபி2 உருவாவது கூடியது. அதாவது அங்கே லிப்பிடும் என்சைமும் இருப்பது மட்டுமல்ல, செல்லின் நிலைக்கு ஏற்ப அவை மாறவும் செய்கின்றன.

அது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அசுத்தமாக இருக்கலாமே?

இந்தத் துறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். உட்கருவின் வெளிச்சவ்வு எண்டோபிளாச வலைப்பின்னலின் தொடர்ச்சி. செல்லை உடைத்தவுடன் அதன் துணுக்குகள் உட்கருவில் ஒட்டிக்கொண்டுதான் வரும். பிளாஸ்மா சவ்வில் பிஐபி2 நிறைய இருப்பதால் அதன் ஒரு சிறு துணுக்கு போதும், முடிவைக் கெடுக்க.

இதற்கு மூன்று விதமாகப் பதில் வந்தது. ஒன்று, பிரித்த உட்கருவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது, மற்ற உறுப்புகளின் அடையாளப் புரதங்கள் இல்லை என்று சோதிப்பது. இது அடிப்படை.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1991இல் நுல்லின் திவேச்சா, ஹ்ர்வோயே பான்ஃபிச், இர்வின் மூவரும் ஸ்விஸ் 3டி3 எலிச் செல்களில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தார்கள். உட்கருவில் பிஐபி2 குறைந்தது, டைஅசைல்கிளிசரால் கூடியது, புரோட்டீன் கைனேஸ் சி என்ற என்சைம் உட்கருவுக்கு நகர்ந்தது. அதே செல்லுக்குப் பாம்பெசின் என்ற வேறொரு தூண்டியைக் கொடுத்தால் பிளாஸ்மா சவ்வில்தான் லிப்பிட் உடைகிறது, உட்கருவில் அசைவில்லை. வெளியிலிருந்து ஒட்டியது என்றால் வெளியில் மாறும்போது இங்கேயும் மாற வேண்டும். மாறவில்லை. செல்லுக்குள் இரண்டு தனித்தனிச் சுழற்சிகள் ஓடுகின்றன என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் கேட்க முடியாது. மறு வருடமே, ஐஜிஎஃப்-1க்கு இயங்குவது உட்கருவில் இருக்கும் பாஸ்போலிப்பேஸ் சி பீட்டா 1 என்று மார்த்தெல்லி குழு காட்டியது.

மூன்றாவது, வேதியியல் கையெழுத்து. 2001இல் ஆலன் ஹன்ட், அந்தோனி போஸ்டில் ஆகியோர் மனித நரம்புப் புற்றுச் செல்களின் உறை நீக்கிய உட்கருவில் இருந்த பாஸ்பாட்டிடைல்கோலின் என்ற சவ்வு லிப்பிடின் வால்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறின் எடையை அளக்கும் கருவி) பார்த்தார்கள். செல்லின் மற்ற பகுதிகளைப் போல் இல்லாமல் நிறைவுற்ற வால்களே அங்கு அதிகம். வெளிச்சவ்வின் மிச்சம் என்றால் இப்படி வித்தியாசப்பட வேண்டிய காரணமே இல்லை.

ஆன்டிபாடி போட்டுச் சாயமேற்றிப் பார்த்தால் இடம் தெரிந்துவிடாதா?

தெரியும் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். பிஐபி2வுக்கு ஆன்டிபாடி கடையில் கிடைக்கிறது. ஆனால் புரதத்துக்கான நெறிமுறையை அப்படியே லிப்பிடுக்குப் போட்டால் படம் நன்றாக வரும், அர்த்தம் வராது.

காரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பார்மால்டிஹைடு செல்லை நிலைப்படுத்துவது அமைன் குழுக்களைப் பிணைத்து. புரதத்தில் லைசின் நிறைய இருக்கிறது, பிடித்துக்கொள்ளும். பிஐபி2வில் அமைன் கிடையாது. செல் 'நிலைப்பட்டு' விட்ட பிறகும் அதன் லிப்பிட் சவ்வின் தளத்தில் நகர்ந்துகொண்டே இருக்கலாம். அடுத்து, ஆன்டிபாடி உள்ளே போக வழி செய்ய வேண்டும் என்று ட்ரைட்டான் எக்ஸ்-100 ஊற்றுகிறோம். அது லிப்பிடைக் கரைக்கும் டிடர்ஜென்ட். நெய்க் கறை பட்ட துணியைச் சோப்புப் போட்டு அலசிவிட்டு நெய் எங்கே என்று தேடுவது போலத்தான் இது.

2009இல் ஜெரால்ட் ஹாமண்ட், ஜியாம்பியேத்ரோ ஸ்கியாவோ, இர்வின் ஆகியோர் இதை முறைப்படி ஆராய்ந்தார்கள். குளூட்டரால்டிஹைடு சேர்த்து, பனிக்கட்டியின் மேல் குளிராகவே வைத்து, சப்போனினால் துளையிட்டால் பிளாஸ்மா சவ்வின் லிப்பிட் தெரிகிறது. அறை வெப்பநிலையில் டிஜிடோனினால் துளையிட்டால் கோல்ஜியில் இருப்பது தெரிகிறது. அதே ஆன்டிபாடி, அதே செல். தயாரிப்பு மாறினால் தெரியும் இடமும் மாறுகிறது. ஆக, நாம் பார்ப்பது செல்லில் இருந்த முழு லிப்பிடை அல்ல, அந்தத் தயாரிப்பில் பிழைத்து ஆன்டிபாடிக்கு எட்டிய பகுதியை.

இதில் உட்கருவுக்கு ஒரு சிறப்பு உண்டு. உட்கருவின் உள்ளே இருக்கும் பிஐபி2வில் ஒரு பகுதி ட்ரைட்டானுக்கும் கரையாமல் நிற்கிறது. புரதங்களோடு இறுகிப் பிணைந்திருப்பதால் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பிளாஸ்மா சவ்வில் பயன்படாத ட்ரைட்டான், உட்கருவில் ஒரு சல்லடையாக உதவுகிறது. சவ்வில் இருந்ததெல்லாம் போகும், ஒட்டியது நிற்கும். ஆனால் கழுவும்போது வேறெங்கிருந்தோ கிளம்பிய லிப்பிட் உட்கருப் புரதத்தில் வந்து ஒட்டவில்லை என்பதை நாம்தான் தனியாக நிரூபிக்க வேண்டும்.

உயிருள்ள செல்லில் ஜிஎஃப்பி உணரி போட்டுப் பார்க்கலாமே?

பாஸ்போலிப்பேஸ் சி டெல்டா 1இல் பிஐபி2வைப் பிடிக்கும் பிஎச் பகுதியை, பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தோடு இணைத்தால் பிளாஸ்மா சவ்வின் பிஐபி2 அழகாக ஒளிரும். அதே உணரி உட்கருவில் பெரும்பாலும் புள்ளிகளைக் காட்டாது, பரவலான மங்கல் ஒளிதான் தெரியும். 'அப்படியானால் உட்கருவில் பிஐபி2 இல்லை' என்று சிலர் முடிவு கட்டினார்கள். அவசரமான முடிவு என்பேன்.

பிளாஸ்மா சவ்வில் பிஐபி2 மிக அதிகம் என்பதால் உணரி அங்கேயே போய்ச் சேர்ந்துவிடும். உட்கருவில் இருப்பது ஏற்கெனவே ஒரு புரதத்தின் பிடியில் இருந்தால் உணரிக்குப் பிடிக்கத் தலை கிடைக்காது. மேலும் இந்தப் பிஎச் பகுதி பிஐபி2வைவிட, கரைந்து திரியும் ஐபி3யை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். மறுபக்கமும் உண்டு. உணரி சிறிய புரதம், உட்கருத் துளை வழியாக மெதுவாக உள்ளே கசியும் அளவுதான். எனவே உட்கருவில் மங்கலாக ஒளிர்வது 'இருக்கிறது' என்பதற்கும் ஆதாரம் ஆகாது.

இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. உணரியைச் செல்லுக்குள் உற்பத்தி செய்ய வைக்காமல், சுத்திகரித்த பிஎச் புரதத்தை வெட்டிய செல் துண்டின் மேல் நேரடியாக இடுவது. 2002இல் ஸ்டீபன் வாட், ஜான் லூகாக் குழு செல்லைச் சட்டென உறைய வைத்து, குளிரிலேயே நீரை அகற்றி, மெல்லிய துண்டாக வெட்டி, அதன் மேல் இந்தப் புரதத்தைப் பூசி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணியது. டிடர்ஜென்ட் தேவையில்லை, துண்டின் பரப்பில் இருப்பதெல்லாம் எட்டும். பிளாஸ்மா சவ்வோடு உட்கருவிலும் பிஐபி2 தெரிந்தது. என் பார்வையில் இட ஆதாரங்களில் நம்பகமானவை இந்த வகைதான்.

சாதாரண கான்ஃபோகல் நுண்ணோக்கி போதுமா?

'உட்கருவின் உள்ளேயா, விளிம்பிலா' என்று கேட்டால் போதும். 'உட்சவ்விலா, வெளிச்சவ்விலா' என்று கேட்டால் போதாது. இரண்டு சவ்வுகளுக்கும் இடையே 30 முதல் 50 நானோமீட்டர்தான். சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டுவது 200 நானோமீட்டருக்கு மேல். இன்னொரு பொறி: உட்கரு உறை பல செல்களில் உள்நோக்கி மடிந்து குழாய் போல நுழைந்திருக்கும். குறுக்கே ஒரு தளத்தில் படம் எடுத்தால் அந்தக் குழாய் உட்கருவின் நடுவில் ஒரு புள்ளியாகத் தெரியும். உட்சவ்வின் உள்பக்கம் படிந்திருக்கும் லாமின் புரதத்துக்கான ஆன்டிபாடியும் சேர்த்துப் போட்டு, மேலிருந்து கீழ் வரை எல்லாத் தளங்களையும் எடுத்துப் பார்க்காமல் 'உட்கருவுக்குள் புள்ளி' என்று எழுதக் கூடாது.

சரி, இதுவரை எந்தெந்த இடங்கள் உறுதியாயின?

பிஐபி2வுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஸ்பெக்கிள்கள், அதாவது ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் பிளவிணைப்புப் புரதங்கள் குவிந்திருக்கும் பகுதிகள். 1998இல் ரிச்சர்ட் ஆண்டர்சன் குழு, பிஐபி2வை உருவாக்கும் கைனேஸ்களும் (பாஸ்பேட்டை ஏற்றும் என்சைம்கள்) பிஐபி2வும் அங்கே சேர்ந்திருப்பதைக் காட்டியது. என்சைமும் அதன் விளைபொருளும் ஒரே இடத்தில் என்பதால் இந்தத் தகவலுக்கு எடை அதிகம்.

நியூக்ளியோலஸ் அடுத்தது. ரைபோசோம் ஆர்என்ஏ படிக்கப்படும் இடத்தில் யுபிஎஃப், ஃபைப்ரில்லாரின் ஆகிய புரதங்களோடு பிஐபி2 பிணைவதை 2013இல் பிராகைச் சேர்ந்த பாவெல் ஹோசாக் குழு கண்டது. அதே குழு 2018இல் நியூக்ளியோபிளாசத்தில் (உட்கருவை நிரப்பியிருக்கும் திரவப் பகுதியில்) 40 முதல் 100 நானோமீட்டர் வரையிலான சின்னச் சின்னத் தீவுகளை விவரித்தது. மேல்பரப்பில் பிஐபி2, உள்ளே லிப்பிட் நிறைந்த மையம், சுற்றிலும் மரபணுவைப் படிக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 வேலை செய்துகொண்டிருக்கும்.

சவ்வே இல்லாத இடத்தில் லிப்பிடின் வால் எப்படி நீருக்குள் நிற்கும்?

எனக்கு இந்தத் துறையிலேயே மிக ஆர்வமான கேள்வி இது. தெளிவான விடை எஸ்எஃப்-1 என்ற உட்கரு ஏற்பியில் கிடைத்தது. அதன் உட்குழிவுக்குள் பிஐபி2வின் இரண்டு வால்களும் புதைந்துகொள்கின்றன, இனோசிடால் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 2012இல் ரேமண்ட் பிளைண்ட், ஹாலி இங்ரஹாம் குழு, அப்படிப் புரதத்துக்குள் அமர்ந்திருக்கும் பிஐபி2வின் மேலேயே ஐபிஎம்கே என்சைம் இன்னொரு பாஸ்பேட்டை ஏற்றிப் பிஐபி3 ஆக்குகிறது, பிடென் என்ற என்சைம் அதை இறக்குகிறது என்று காட்டியது. சவ்வு தேவையே இல்லை, புரதமே மேடை.

புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் விஷயம் இன்னும் வியப்பு. செல் நெருக்கடியில் இருக்கும்போது பிஐபி2 உருவாக்கும் கைனேஸ் உட்கருவில் பி53ஐப் பிடித்து அதன் மேல் பிஐபி2வைச் சேர்க்கிறது, சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் வந்து அந்த இணைப்பை நிலைப்படுத்துகின்றன என்று ஆண்டர்சன், வின்சென்ட் கிரின்ஸ் குழு 2019இல் எழுதியது. அந்தப் பிணைப்பின் வேதியியல் எப்படிப்பட்டது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

உட்சவ்வை மட்டும் தனியாகப் பார்க்க வழி உண்டா?

ஈஸ்ட்டில் உண்டு. வியன்னாவில் அனெட் ரொமானவுஸ்கா, ஆல்வின் கோலர் இருவரும் 2018இல் செய்தது இது. டைஅசைல்கிளிசரால், பாஸ்பாட்டிடிக் அமிலம் ஆகியவற்றுக்கான உணரிகளில் உட்கருவுக்குள் இட்டுச் செல்லும் சமிக்ஞைத் தொடரை ஒட்டினார்கள். உணரி உள்ளே போய்விட்டால் அதற்கு எட்டுவது உட்சவ்வின் உள்முகம் மட்டும்தான். நுண்ணோக்கியின் பிரிதிறன் பிரச்சினையே வராது, இடத்தை உணரியே தேர்ந்துகொள்கிறது. இந்த வழியில் உட்சவ்வு வெறும் உறை அல்ல, லிப்பிட் வளர்சிதை மாற்றம் நடக்கும் இடம், அங்கிருந்து கொழுப்புத் துளிகள் உட்கருவுக்குள் மொட்டு விடுகின்றன என்பது தெரிந்தது. எளிமையான யோசனை, பெரிய பலன்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் இவ்வளவு சிரமம் எதற்கு?

அளவும் வால்களின் வகையும் அதில் துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் செல்லைக் கரைத்த பிறகு இடம் போய்விடும். பிரித்த உட்கரு எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் பதிலும் சுத்தம். வழக்கமான முறையில் 3,4 பாஸ்பேட்டா 4,5 பாஸ்பேட்டா என்று பிரிப்பதும் எளிதல்ல, ஏனென்றால் எடை ஒன்றுதான்.

பிஐபி2 தவிர மற்றவை?

மூன்றை மட்டும் சொல்கிறேன். பிஐ5பி (5ஆம் இடத்தில் மட்டும் பாஸ்பேட் உள்ள வகை): 2003இல் ஓர் கொசானி குழு ஐஎன்ஜி2 புரதத்தின் பிஎச்டி விரல் என்ற பகுதி இதைப் பிடிப்பதைக் கண்டது, உட்கருவில் பாஸ்போஇனோசிடைடுக்கு ஒரு ஏற்பி. ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்: 2009இல் சாரா ஸ்பீகல் குழு, இது உட்கருவிலேயே உருவாகி எச்டாக்1, எச்டாக்2 என்சைம்களைத் தடுத்து மரபணு வெளிப்பாட்டை மாற்றுவதைக் காட்டியது. அரக்கிடோனிக் அமிலம்: வரிக்குதிரை மீனின் வாலில் காயம் பட்டதும் செல்லின் உட்கரு வீங்குகிறது, உட்சவ்வு இழுபடுகிறது, சிபிஎல்ஏ2 என்சைம் அதில் போய் ஒட்டி அரக்கிடோனிக் அமிலத்தை வெட்டி விடுவிக்கிறது, வெள்ளணுக்கள் காயத்தை நோக்கி வருகின்றன. பிலிப் நீட்ஹாமர் குழு, 2016. உட்கரு உறை இழுபடுவதே செய்தியாகிறது.

இதனால் மருத்துவத்துக்குப் பயன் உண்டா?

பி53யும் பிடெனும் புற்றுநோயில் முக்கியமானவை என்பதால் ஆர்வம் இருக்கிறது. அதற்கு மேல் வாக்குறுதி கொடுக்கும் கட்டத்தில் இல்லை.

ஆன்டிபாடி போட்டேன், உட்கருவில் புள்ளி புள்ளியாக ஒளிர்கிறது. அடுத்து என்ன செய்வது?

முதலில் அந்த ஆன்டிபாடியைப் பிஐபி2 கலந்த லிப்போசோம்களோடு (செயற்கை லிப்பிட் குமிழ்கள்) முன்கூட்டியே ஊறவிட்டுப் போடுங்கள். புள்ளிகள் மறைய வேண்டும். வேறு பாஸ்போஇனோசிடைடு கலந்தவற்றோடு ஊறவிட்டால் மறையக் கூடாது. அப்புறம் நிலைப்படுத்திய செல்லைப் பாஸ்போலிப்பேஸ் சி கொண்டு வெட்டிப் பாருங்கள். ஒளி குறைந்தால் நல்லது, குறையாவிட்டால் ஒளிர்வது லிப்பிட்தானா என்று சந்தேகப்படுங்கள். ஆன்டிபாடிக்குப் பதில் சுத்திகரித்த பிஎச் புரதத்தைப் போட்டுப் பாருங்கள், கூடவே 40ஆம் இடத்து ஆர்ஜினினை லூசினாக மாற்றிய பிறழ் வடிவத்தையும். அது பிஐபி2வைப் பிடிக்காது, அதனால் அதற்குப் புள்ளி வரவே கூடாது.

ட்ரைட்டான் போட்ட தட்டு ஒன்று, டிஜிடோனின் போட்ட தட்டு ஒன்று என்று இணையாக வைத்துக்கொள்ளுங்கள். டிஜிடோனின் மென்மையான அளவில் உட்கரு உறையைத் துளைக்காமல் விட்டுவிடும், ஆன்டிபாடி உள்ளே போகாது. அந்தத் தட்டிலும் உட்கருவின் மேல் ஒளி தெரிந்தால் அது வெளிச்சவ்விலிருந்து வருகிறது. கடைசியாக, பிஐபி2வை உருவாக்கும் கைனேஸை ஆர்என்ஏ குறுக்கீட்டால் குறைத்து, அதே நாளில், அதே லேசர் அமைப்பில் குறைத்த செல்களையும் குறைக்காத செல்களையும் படமெடுங்கள். எந்தத் தட்டு எது என்று தெரியாத இன்னொருவரிடம் கொடுத்துப் புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள்.